ரோபோவுக்கு அளவு எடுக்கறாங்கம்மா

தம்பி,

அன்புள்ள மகனுக்குன்னு ஆரம்பிக்கணும்னு எனக்கும் தெரியும். அரை மணி நேரமா பேனாவைக் கையில வச்சுக்கிட்டு உட்காந்திருக்கேன், அந்த வார்த்தை வர மாட்டேங்குது. ஆத்திரம்தான் வருது. சரி, ஆத்திரத்தோடவே எழுதறேன், அப்படியே படி. போன சனிக்கிழமை, புரட்டாசி சனிக்கிழமையாச்சேன்னு நானும் நித்யாவும் திருநீர்மலைக்குப் போனோம். பாதிப் படியில மூச்சு வாங்குதுன்னு உட்காந்தப்ப உன் பொண்டாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. "அத்தை, அவருக்கும் ரத்தம் போகுது. நாலு மாசமா. கேட்டா சூடுங்கறார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டார்"னா. நான் வயித்துல பையை ஒட்டிக்கிட்டு, ஒரு கையால அதைத் தாங்கிக்கிட்டு படியேறிட்டிருக்கேன். எனக்கு மலக்குடல்ல கேன்சர் வந்து, அதை வெட்டி எடுத்து இன்னும் மூணு மாசம்கூட முழுசா ஆகல. என் வயித்துல பொறந்தவன் நீ. உனக்கு ரத்தம் போகுது, நீ அதுக்கு சூடுன்னு பேர் வச்சு மோர் குடிச்சிட்டிருக்கே. உன்னை என்ன பண்ணினா தகும்?

நித்யாவை ஒரு வார்த்தை கேட்டே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். சத்தியத்தை மீறினதுக்கு அந்தப் பெருமாளே அவளை மன்னிச்சிருப்பார், அவர் சன்னதிப் படியிலதானே சொன்னா. வர்ற வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு உனக்கு குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற டெஸ்ட். என் டாக்டர்கிட்டயே போய் உன் பேரைக் குடுத்துட்டு வந்துட்டேன். மீட்டிங் இருக்கு, சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குன்னு சொன்னியானா ஊரப்பாக்கம் வந்து உன் அபார்ட்மென்ட் வாசல்லயே உட்காந்துடுவேன், வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் ஏன் உட்காந்திருக்கேன்னு சொல்லுவேன். இன்னொண்ணும் கேட்டுக்க. இந்த லெட்டரை உனக்கு மட்டும் எழுதல. எங்க எக்ஸ்போர்ட் கம்பெனி பொம்பளைங்க குரூப் இருக்கே, 'நாலாம் லைன் அக்காஸ்', அதுலயும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்துப் போடப் போறேன். மானம் போகுதுன்னு குதிப்பே. போகட்டும். மானத்தைப் பொத்திப் பொத்தித்தான் இந்தக் குடும்பம் இந்த லட்சணத்துல நிக்குது.

இந்த சூடுங்கற வார்த்தையை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அதனால முதல்ல என்னைத் திட்டிக்கறேன். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கம்பெனியில இருந்தேன். முதல்ல தையல் மெஷின்ல, அப்புறம் தைச்ச துணியைச் சரி பாக்கற செக்கரா. ஒரு லைனுக்கு ரெண்டே ரெண்டு பாத்ரூம் டோக்கன். சூப்பர்வைசர் மேஜை பக்கத்துல ஆணியில தொங்கும். அதை எடுக்கப் போனா அந்த ஆள் முதல்ல கடிகாரத்தைப் பாப்பான், அப்புறம் நம்ம மூஞ்சியைப் பாப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்துக்கிட்டே தண்ணி குடிக்க மாட்டோம், வந்தாலும் அடக்கிக்குவோம். அங்க எல்லாருக்குமே எப்பவாவது ரத்தம் போயிருக்கும், எல்லாரும் அதுக்கு வச்ச பேர் மெஷின் சூடு. பொழுதன்னைக்கும் சேர்லயே உட்காந்திருக்கோம்ல, அந்தச் சூடு. ஒருத்தி வெந்தயத்தை ஊற வச்சு முழுங்குன்னா, ஒருத்தி துத்திக்கீரையை வதக்கிச் சாப்பிடுன்னா, ஒருத்தி வாரம் ரெண்டு நாள் எண்ணெய் தேய்ச்சுக் குளின்னா. டாக்டர்கிட்ட போன்னு ஒருத்தியும் சொல்லல. வேலையை விட்டு நின்னப்புறமும் எனக்கு ரத்தம் போயிட்டுதான் இருந்துது. சேர் போயிடுச்சு, மெஷின் போயிடுச்சு, சூடு மட்டும் ஏன் போகலன்னு நான் யோசிச்சிருக்க வேண்டாமா? ஒன்றரை வருஷம் மறைச்சேன், புத்தி கெட்டவ. இப்ப நீயும் பொழுதன்னைக்கும் சேர்லதான் உட்காந்திருக்கே. உனக்கு யாரும் டோக்கன் குடுக்கறதில்லயே, உனக்கென்ன வந்துது?

என் மூஞ்சி வெளுத்துப் போச்சுன்னு கண்டுபிடிச்சவளும் நித்யாதான். அவ என்னை இழுத்துக்கிட்டுப் போய் ரத்த டெஸ்ட் எடுத்து, அங்கிருந்து கேமரா டெஸ்ட்டு வரைக்கும் கூடவே நின்னா. டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கு நீ லீவு போட்டுட்டு வந்தே. வந்ததுலேர்ந்து எல்லாத்தையும் நீயே கையில எடுத்துக்கிட்டே. டாக்டர் ரூமுக்குள்ள நீ மட்டும் போனே, என்னை வெளிய உட்கார வச்சே. வெளிய வந்து, "ஒண்ணும் இல்லம்மா, குடல்ல சின்னதா ஒரு கட்டி, மரு மாதிரி. எடுத்துட்டா சரியாயிடும்"னு சொன்னே. எனக்கு சந்தேகம் வராம இல்ல. ஃபைல் மேல சி.ஏ. ரெக்டம்னு போட்டிருந்துது. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும், லேபிள் பாத்துப் பாத்து வந்த பழக்கம். சி.ஏ.ன்னா கால்சியம்தானேடா? மாத்திரை அட்டையில அப்படித்தானே போட்டிருக்கான்? எனக்கு கால்சியம் கம்மி போலிருக்குன்னு நினைச்சு ஒரு வாரம் கேழ்வரகுக் கஞ்சியா காய்ச்சிக் குடிச்சேன். நீ எதிர்ல உட்காந்து பாத்துக்கிட்டே இருந்தே. குடிம்மா, நல்லதும்மான்னு வேற சொன்னே. இதை நினைச்சாலே இப்பவும் எனக்கு வாய்ல நல்லா வருது.

அப்புறம் ஆரம்பிச்சுதே உன் ரோபோ புராணம். புது கார் புக் பண்ணின மாதிரி சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, "அம்மாவுக்கு ரோபோ சர்ஜரி பண்றோம்"னு சொன்னே. உன் மாமா, "ஏன்டா, அந்த ரோபோ தமிழ் பேசுமா, இல்ல இங்கிலீஷ்லதான் வெட்டுமா?"ன்னு கேட்டு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். என்கிட்ட நீ சொன்னது நாலே விஷயம். ஓட்டை சின்னதா இருக்கும், வலி தெரியாது, ரத்தம் போகாது, மூணே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். அதுல பொய் ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா ஒரு சட்டையோட முன்பக்கத்தை மட்டும் காட்டிட்டு நல்ல பீஸ்னு சொல்ற மாதிரிதான் அது. நான் செக்கர்டா. உள்பக்கம் திருப்பிப் பாக்காம ஒரு பீஸைக்கூட பாஸ் பண்ணினதில்ல. என் உடம்பை மட்டும் நீ காட்டின பக்கத்தைப் பாத்தே பாஸ் பண்ணிட்டேன். பாரத்துல பென்சில்ல நீ பெருக்கல் குறி போட்டு வச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. என் பிள்ளை படிச்சிருப்பான்னு இருந்துட்டேன்.

இப்ப நான் எழுதப் போறதுதான் என் நெஞ்சுல முள்ளா நிக்கறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் பொண்ணு வந்துது, ஸ்டெல்லா. "அம்மா, பாவாடை நாடா எங்க கட்டுவீங்க? கட்டிக் காட்டுங்க"ன்னுது. கட்டிக் காட்டினேன். உட்காருங்கன்னுது, நில்லுங்கன்னுது, குனிங்கன்னுது. வயித்துல எங்க மடிப்பு விழுதுன்னு பாத்து, தொப்புளுக்கு வலது பக்கமா ஒரு இடத்துல மார்க்கர் பேனாவால வட்டம் போட்டுது. உள்ள இருக்கற கட்டியை எடுக்கறதுக்கு என் பாவாடை நாடா எதுக்குன்னு எனக்குப் புரியல. எதுக்கும்மா இதுன்னு அதைத்தான் கேட்டேன். அது வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்த நீ சொன்னே: "ரோபோவுக்கு அளவு எடுக்கறாங்கம்மா." அந்தப் பொண்ணு உன்னைப் பாத்துது, என்னைப் பாத்துது, தலையைக் குனிஞ்சுக்கிட்டு போயிடுச்சு. நீ கண்ணைக் காட்டினியாம், அது பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. அளவு எடுக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? டேப் இல்லாம யாருடா அளவு எடுப்பாங்க? அப்பவே உறைச்சுது. ஆனா சொன்னவன் நீயாச்சே, முழுங்கிட்டேன்.

கண்ணு முழிச்சப்ப முதல்ல தெரிஞ்சது தோள்பட்டை வலி. வயித்துல கேஸ் அடைச்சு உப்ப வச்சுதான் பண்ணுவாங்களாம், அந்த கேஸ் தோள்ல வந்து நிக்குமாம். தலையைத் தாழ்த்தி ரொம்ப நேரம் சாய்ச்சு வச்சிருந்ததுல மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்துது. வயித்துல வலின்னு பாத்தா, நீ சொன்ன மாதிரி பெருசா இல்ல. இல்லாததைச் சொல்ல மாட்டேன். மெதுவா கையைக் கீழ கொண்டு போனேன். வலது பக்கம், அந்தப் பொண்ணு வட்டம் போட்ட இடத்துல, என்னமோ வழவழன்னு ஒரு பை. சூடா இருந்துது. என் குடலோட ஒரு பக்கத்தை வயித்துக்கு வெளிய இழுத்து வச்சு, அது மேல பையை ஒட்டி வச்சிருக்காங்க. நான் போட்ட சத்தத்துல வார்டே திரும்பிப் பாத்துது. நீ ஓடி வந்து, "டெம்பரரிம்மா, மூணு மாசம்தான்மா"ன்னு சொன்னே. உனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டேன். நீ தரையைப் பாத்தே. பக்கத்துல இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து உன் மேல வீசினேன், ஞாபகம் இருக்கா? கையில தெம்பில்லாம கட்டில் கிட்டயே விழுந்துடுச்சு. தெம்பிருந்தா மண்டை பொளந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், நீ என் குடலையே என்கிட்டேர்ந்து மறைச்சவன்டா.

ரோபோவை நான் குத்தம் சொல்லல, அதையும் நல்லா கேட்டுக்க. மறுநாளே என்னை உட்கார வச்சாங்க. அதுக்கு அடுத்த நாள் டிரிப் ஏத்தற கம்பியைத் தள்ளிக்கிட்டு வராண்டாவுல நடந்தேன். பக்கத்து பெட்ல ஒரு அம்மா, அவங்களுக்கு அவசரமா வயித்தைத் திறந்து பண்ணின ஆபரேஷன். பாவம், ஒரு இருமல் வந்தா தலையணையை வயித்துல அமுக்கிக்கிட்டு துடிச்சுப் போயிடுவாங்க. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. மூணு நாள் இல்ல, ஆறு நாள் ஆச்சு வீட்டுக்கு வர, அதுவும் பை பழகறதுக்காகத்தான். பையை மாத்தச் சொல்லிக் குடுத்தது ஸ்டெல்லாதான். வட்டம் வட்டமா ஓட்டை போட்ட ஒரு அட்டையை வச்சு குடல் வாய் எவ்வளவு அகலம்னு பாத்து, அதே அகலத்துக்கு ஒட்டற தகட்டைக் கத்திரிக்கோலால வெட்டணும். ஒரு நூல் அதிகமா வெட்டினா கசிஞ்சு தோல் வெந்துடும். நான் முதல் தடவையே கரெக்டா வெட்டினேன். "டெய்லராம்மா?"ன்னுது. "இல்ல, செக்கர். உண்மையான அளவு இப்பத்தான் எடுக்கறீங்களா?"ன்னேன். அது கண்ணு கலங்கிடுச்சு. "அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா, உங்க பையன் வேண்டாம்னு கண்ணைக் காட்டினார்"னுது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க? ஆபரேஷன் ஆகி சரியா எட்டாவது நாள், வீட்டுல டிஸ்சார்ஜ் பேப்பரை வச்சுக்கிட்டு அந்த சி.ஏ.வை போன்ல அடிச்சுப் பாத்தேன். கால்சியம் இல்ல.

அடுத்த தடவை செக்கப்புக்குப் போனப்ப நீ மருந்து வாங்க கீழ போனே பாரு, அப்ப நான் டாக்டர் ரூம் கதவைச் சாத்திட்டு உட்காந்துட்டேன். "எனக்கு வந்தது கேன்சர்தானே டாக்டர்?"னு கேட்டேன். அவர், "அம்மா, உங்க பையன்..."னு இழுத்தார். "பையனுக்கா வந்துது? எனக்குத்தானே வந்துது? என்கிட்ட சொல்லுங்க"ன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சுட்டு, "நான்தான் உங்ககிட்ட நேரா பேசியிருக்கணும். தப்பு என்னோடதும்தான்"னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொன்னார். சீக்கிரமே பாத்துட்டோம், எடுத்ததை டெஸ்ட் பண்ணினதுல நெறிகட்டி எதுலயும் பரவல, கீமோ ஊசி மருந்து வேண்டாம்னு சொன்னார். எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துது. தெரிஞ்சா பயந்துடுவேன்னு நீ மறைச்சே. தெரியாம இருந்தப்பதான்டா நான் பயந்துக்கிட்டே இருந்தேன்.

ரோபோவைப் பத்தியும் கேட்டேன், அவர் சலிச்சுக்காம சொன்னார். அது தானா ஒண்ணும் வெட்டாதாம். அவர்தான் அதே ரூம்ல தள்ளி ஒரு பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்காந்து, கையால ஓட்டறாராம். "பெடல் இருக்கா?"ன்னேன். "இருக்கும்மா, உங்க மெஷின் மாதிரியே கால்லயும் வேலை இருக்கு"ன்னு சிரிச்சார். மலக்குடல் இருக்கற இடம் இடுப்பெலும்புக்குள்ள ரொம்ப குறுகலாம். அங்க மனுஷன் கை போறதே கஷ்டம். சின்ன ஓட்டை வழியா டாக்டரே கையில குச்சியைப் பிடிச்சுப் பண்ற லேப்ராஸ்கோப்பின்னு ஒண்ணு இருக்காம், அந்தக் குச்சி நேரா போகும், இதுக்கு மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கமும் தெரியாது, எல்லாம் பெருசா ஆழமா தெரியும். ஒண்ணுக்குப் போற நரம்பெல்லாம் பக்கத்துலயே ஓடுதாம், அதுங்களைப் பாத்துப் பாத்துப் பிரிக்க வசதியாம். கெடுதல் என்னன்னு கேட்டேன். நேரம் ஜாஸ்தி ஆகும், அவ்வளவு நேரமும் மயக்கத்துல இருக்கணும். செலவும் ஜாஸ்தி, இன்ஷூரன்ஸ்ல ரோபோன்னா இதுக்கு மேல குடுக்க மாட்டோம்னு கோடு போட்டுடறாங்களாம். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிடுச்சு: "நான் ஓட்டற மெஷின்ல தொட்டா கைக்குத் தெரியாதும்மா. எவ்வளவு இழுக்கறேங்கறதைக் கண்ணாலதான் கணக்குப் பண்ணணும்." கண்ணை மூடிக்கிட்டு தையல்ல விரலை ஓட்டினாலே எங்க நூல் விட்டிருக்குன்னு சொல்லுவேன் நான். அந்த விரல் இல்லாம ஒரு மனுஷன் என் குடலைத் தைச்சிருக்கான்னா, அதுக்கு எவ்வளவு பழக்கம் வேணும்! நீ எந்த ஆஸ்பத்திரியில ரோபோ இருக்குன்னு தேடினே. ஓட்டறவர் எத்தனை பேருக்கு ஓட்டியிருக்கார்னு கேட்டியா? கேக்கலன்னு அவரே சொன்னார். நல்ல கையில மாட்டினது என் அதிர்ஷ்டம், உன் சாமர்த்தியம் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். நல்லா பழகின கையா இருந்தா லேப்ராஸ்கோப்பியிலயும் இதை நல்லாவே பண்ணலாம், ரோபோவால நோய் இன்னும் நல்லா குணமாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னார். ரோபோ பண்ணினாலும் கை பண்ணினாலும், வெட்டிச் சேத்த குடல் கசியற ஆபத்து ஆபத்துதானாம். கசிஞ்சா உசுருக்கே உலை, அதனாலதான் சேத்த இடம் ஆறட்டும்னு இந்தப் பை. நீ இந்த ஒரு வரியை என்கிட்ட சொல்லியிருந்தியானா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? புண்ணு ஆறணும்னா பை கட்டணும்னு புரிஞ்சுக்க முடியாத மரமண்டையா நான்? அடுத்த மாசம் பையை எடுத்துட்டு மூடப் போறாங்க. அதுக்கும் ரோபோதானே டாக்டர்னு நீ கேட்டியாமே! அவர் சொல்லிச் சிரிக்கறார். பை இருக்கற இடத்துலயே சின்னதா வெட்டித் தைச்சு உள்ள தள்ளிடுவாங்களாம், ரோபோவுக்கு அங்க வேலையே இல்ல. மூடினப்புறம் கொஞ்ச மாசத்துக்கு ஒரு நாளைக்கு நிறைய தடவை ஓட வேண்டியிருக்கும், அடக்கறது கஷ்டம், சிலருக்கு அது முழுசா சரியாகாமலே போகலாம்னும் சொன்னார். அடக்கி அடக்கியே காலத்தை ஓட்டினவளுக்கு கடைசியில இப்படி ஒரு கணக்கு. கேட்டு அழுதேன்தான். ஆனா அழுது முடிச்சப்புறம் பாத்ரூமுக்கு கைப்பிடி போட ஆள் சொல்லிட்டேன். தெரிஞ்சவளால அதைச் செய்ய முடியுது.

இவ்வளவும் உன்னைத் திட்டிட்டு, திட்ட எனக்கு யோக்கியதை இருக்கான்னு பாத்தா, இல்ல. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. உங்கப்பா படுத்தப்ப நீ காலேஜ் ரெண்டாவது வருஷம். கண்ணு மஞ்சளா இருக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, ஈரல்ல கேன்சர், முத்திடுச்சுன்னார். நான் அந்த டாக்டர் கால்ல விழாத குறையா, என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். வெளிய வந்து உன் சட்டையைப் பிடிச்சு, "காமாலைன்னுதான் சொல்லணும், வேற வார்த்தை வந்துது, கொன்னுடுவேன்"னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம் அவர் உன்னைத்தான் கேட்டார்: "படிச்சவன் நீ சொல்றா, எனக்கு என்னவாம்?" நீ என்னைப் பாத்தே. நான் கண்ணைக் காட்டினேன். "காமாலைதான்பா"ன்னே. ஸ்டெல்லாவுக்கு நீ காட்டினியே, அதே கண்ணு. என் கண்ணு. அவர் நம்பி, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள எழுந்துடுவேன்னு, தான் ஓட்டற ஸ்கூல் வேனுக்குப் புது சீட் கவர் போட ஆள் அனுப்பினார். கீழாநெல்லியை அரைச்சு அரைச்சுக் குடுத்தேன், பாவி. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே, "என்ன எல்லாரும் என்கிட்ட இவ்வளவு அன்பா இருக்கீங்க?"ன்னு கேட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். அவர் தம்பிகிட்ட பேச வேண்டியது இருந்துது, உன்கிட்ட சொல்ல வேண்டியது இருந்துது, என்கிட்டயும்தான். எதையும் சொல்ல விடல நான். பத்தொன்பது வயசுப் பிள்ளையை அவன் அப்பன் மூஞ்சியைப் பாத்து பொய் சொல்ல வச்சேன். அதுக்கு இன்னைக்கு மன்னிப்புக் கேக்கறேன் தம்பி. கேட்டுட்டேன். இப்ப திரும்ப ஆத்திரத்துக்கு வர்றேன்.

உனக்கு வந்திருக்கறது மூலமா இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்னு டாக்டரும் சொன்னார். ஆனா அம்மாவுக்கு இது வந்திருக்கறப்ப, ரத்தம் போகுதோ இல்லையோ, பிள்ளைங்களுக்குக் கேமரா விட்டுப் பாத்தே ஆகணும், உங்க பையன்கிட்ட இதை அன்னைக்கே சொன்னேனேன்னார். கேட்டியா கதையை? உன்கிட்ட சொல்லியிருக்கார். எனக்கு வந்ததை என்கிட்ட மறைச்சவன், உனக்குச் சொன்னதை உனக்கே மறைச்சுக்கிட்டே. நாலாம் லைன் அக்காக்களே, நீங்களும் கேட்டுக்கங்க, இவனுக்கு மட்டும் சொல்லல. ரத்தம்னா ரத்தம்தான், அதுக்குச் செல்லப் பேர் வைக்காதீங்க. ஆபரேஷன்னு ஒண்ணு வந்துதுன்னா, ரோபோ இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி, எனக்கு அது எதுக்கு வேணும்னு கேளுங்க. ஓட்டறவர் கை எப்படி, நடுவுல முடியாமப் போனா வயித்தைத் திறப்பீங்களா, பை வருமா, அப்புறம் பாத்ரூம் போறது எப்படி இருக்கும்னு வாயைத் திறந்து கேளுங்க. பிள்ளை கேட்டுச் சொல்லுவான்னு வெளிய உட்காந்திருக்காதீங்க. பென்சில் குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போடாதீங்க.

தம்பி, புதன்கிழமை நித்யா உனக்கு வயித்தைக் கழுவற மருந்தைக் கரைச்சுக் குடுப்பா. கசப்போ உப்போ, மொத்தத்தையும் குடிக்கணும். ராப்பூரா ஓடுவே, ஓடு. காலைல நான் அஸ்தினாபுரத்துலேர்ந்து ஆட்டோ பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவேன். லேசா மயக்கம் குடுத்துதான் பண்ணுவாங்க. முடிஞ்ச உடனே வெளிய உட்காந்திருக்கறவங்களைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றதுதானே இங்க வழக்கம். என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டேன் டாக்டர்கிட்ட. "அவனுக்கு மயக்கம் தெளியட்டும், அவன்கிட்ட சொல்லுங்க. முதல்ல என்கிட்ட வந்தீங்கன்னா காதைப் பொத்திக்குவேன்"னு சொல்லியிருக்கேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போகும்னு நினைக்கறே? போகட்டும். உங்கப்பா அத்தனை நாள் உட்காந்திருந்தார்ல தெரியாம, நான் ஒரு மணி நேரம் உட்காந்துட்டுப் போறேன்.

நீ எழுந்து வா. யார் கண்ணையும் பாக்காதே, நித்யா கண்ணை, டாக்டர் கண்ணை, எதையும். என் எதிர்ல சேரை இழுத்துப் போட்டு உட்காந்து, உன் வாயால சொல்லு. மூலம்னா மூலம்னு சொல்லு. கேன்சர்னா கேன்சர்னு சொல்லு, நான் தாங்குவேன், என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் சேந்து கேப்போம். சூடுன்னு மட்டும் சொன்னே, ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்க மாட்டேன், செருப்பு பிஞ்சிடும்.

அம்மா